ரோம் நகரத்து இசைக்காரர் – 6: துப்பாக்கிக்கு ஒரு தாலாட்டு

இதுவரை...

ட்ரம்பெட் கலைஞர் மாரியோவின் மகனாக 1928-ல் ரோமில் பிறந்தவர் என்னியோ மோரிகோனே. போர்க்காலத்தில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது, அவருடைய இடத்தில் நின்று இரவு விடுதிகளில் ட்ரம்பெட் ஊதிய பையன். சாந்தா செசிலியா இசைக் கல்லூரியில் கொஃப்ரெடோ பெட்ராஸி என்ற பெரிய மேதையிடம் படித்து, 1954-ல் இசையமைப்பில் பட்டயம் வாங்கினார். 1956-ல் மரியாவைக் கைப்பிடித்தார். 1958-ல் இத்தாலியின் அரசு ஒலிபரப்பு நிறுவனமான ராய் அவருக்கு வேலை கொடுத்தது. அங்கே வேலை பார்ப்பவர் எழுதும் இசையை அதே நிறுவனம் ஒலிபரப்பாது என்பது முதல் நாளே தெரிந்தது. அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் சின்னக் குழந்தை. கையில் நிரந்தர வருமானம் இல்லை. மேதையிடம் படித்த மாணவர் இனி எதை எழுதிப் பிழைப்பது?

* * *

தகர டப்பா உருண்ட பாட்டு

ஆர்.சி.ஏ. இத்தாலியானா என்ற இசைத்தட்டு நிறுவனம் அவரைக் கூப்பிட்டது. வேலையின் பெயர் அரேஞ்சர். கோடம்பாக்கத்திலும் அதே பெயர்தான்.

மெட்டுப் போடுபவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவே இருப்பவர் அரேஞ்சர். பாட்டு எந்த வாத்தியத்தில் தொடங்குவது, எந்தச் சுருதியில் வைத்தால் பாடகரின் குரல் எடுபடும், பல்லவி முடிந்ததும் வயலின் வருவதா, கோரஸ் வருவதா, பாடகர் மூச்சு வாங்கும் அந்த ஒரு நொடியை எதைக் கொண்டு நிரப்புவது என்று எல்லாவற்றையும் யோசித்து, ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனியே நோட்ஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். பாட்டு ஓடினால் பெயர் பாடகருக்கும் மெட்டுக்காரருக்கும் போகும். அரேஞ்சருக்கு அடுத்த பாட்டு வரும்.

அது இத்தாலி செழித்துக்கொண்டிருந்த காலம். சின்ன கார் வாங்கியவர்கள் கோடையில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனார்கள். கடற்கரைக் கடைகளில் ஜூக்பாக்ஸ் நின்றது. நாணயத்தைப் போட்டால் பாட்டு வரும். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு கொண்ட சிறிய 45 ஆர்.பி.எம். இசைத்தட்டுகள் மளமளவென்று விற்றன. அந்த ஜூக்பாக்ஸில் நூறு பாட்டு இருக்கும். அதில் தன் பாட்டு முதல் சில நொடிகளிலேயே காதைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பதுதான் கம்பெனிக்காரர்களின் கவலை.

மோரிகோனே பியானோ இல்லாமல் எழுதுகிறவர். மேஜை, காகிதம், பென்சில் போதும். முழு ஆர்க்கெஸ்ட்ராவும் தலைக்குள் ஒலிக்கும், அதைக் கையால் இறக்கி வைப்பார். பாடகருக்குப் பின்னால் சும்மா தாங்கிப் பிடிக்கும் பக்கவாத்தியமாகத் தன் இசை இருப்பதில் அவருக்குச் சம்மதமில்லை. மெட்டை எடுத்துவிட்டாலும் எந்தப் பாட்டு என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு அந்த இசைக்குத் தனி முகம் வேண்டும் என்று நினைத்தார்.

1960-ல் ஜியான்னி மெச்சா பாடிய ‘இல் பரத்தோலோ’ வந்தது. டப்பா என்று பொருள். மோரிகோனே அந்தப் பாட்டுக்குள் நிஜமாகவே ஒரு தகர டப்பாவை உருள விட்டார். தாளத்தோடு சேர்ந்து டப்பா கடகடத்தது. 1962-ல் எடோர்டோ வியானெல்லோவின் கடற்கரைப் பாட்டு ஒன்றில், தண்ணீரில் ஒருவர் தொபுக்கென்று குதிக்கும் சத்தத்தை வைத்தார். மிராண்டா மார்ட்டினோ பாடிய பழைய நேப்பிள்ஸ் பாட்டு ஒன்றின் அடியில் பீத்தோவனின் ‘மூன்லைட் சொனாட்டா’வை ஓட விட்டார். 1963-ல் ஜினோ பாவோலியின் ‘சபோரே தி சாலே’ இத்தாலி முழுக்க ஒலித்தது. அதன் சாக்ஸபோனை வாசித்தவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த காட்டோ பார்பியேரி. அந்த இசையைக் கோத்ததும் மோரிகோனேதான்.

டப்பாவும் தண்ணீரும் அவருக்கு எங்கிருந்து தோன்றின?

1958-ல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் நடந்த நவீன இசைப் பயிலரங்குக்கு அவர் போயிருந்தார். அந்த ஆண்டு அங்கே வந்திருந்தவர் அமெரிக்காவின் ஜான் கேஜ். இசைக்கும் சத்தத்துக்கும் நடுவே இருந்த வேலியைப் பிடுங்கி எறிந்த மனிதர். அங்கே கேட்டது மோரிகோனேயை உலுக்கியது. கதவு சாத்தும் ஒலி இசையாகலாம் என்றால், டப்பா ஏன் ஆகக் கூடாது? அறிஞர்கள் நிறைந்த அரங்கில் கேட்டதை அவர் கடற்கரை ஜூக்பாக்ஸுக்குள் கொண்டுபோய் வைத்தார்.

ஆனாலும் மனசுக்குள் ஒரு முள். பெட்ராஸியின் மாணவர்கள் கச்சேரி அரங்குகளுக்காக எழுத வேண்டியவர்கள். 1957-ல் மோரிகோனே ஆர்க்கெஸ்ட்ராவுக்காக ஒரு கான்செர்ட்டோ எழுதி, குருவுக்கே சமர்ப்பணம் செய்திருந்தார். அந்த வட்டாரத்தில் சினிமாப் பாட்டும் கடற்கரைப் பாட்டும் கீழான வேலை. பகலில் வியானெல்லோவுக்கு எழுதுகிறோம் என்பது அவரை நெடுங்காலம் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கீழான வேலையில்தான் தன் குரல் உருவாகிக்கொண்டிருந்தது என்பது அப்போது அவருக்கே தெரியாது.

* * *

சாட்டை, மணி, சுத்தியல்

1962-ல் இன்னொரு பாட்டு அவர் மேஜைக்கு வந்தது.

பீட்டர் டெவிஸ் என்ற அமெரிக்கப் பாடகர் அப்போது இத்தாலியில் பாடிக்கொண்டிருந்தார். அவர் பாட விரும்பியது ‘பாஸ்ச்சர்ஸ் ஆஃப் ப்ளென்டி’. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரி 1941-ல் எழுதியது. வேலை தேடி மாநிலம் மாநிலமாக அலைந்த விவசாயக் கூலிகளின் பாட்டு. ஒரு கிட்டாரும் ஒரு குரலும் இருந்தால் போதும், பாடிவிடலாம்.

மோரிகோனே அதை வேறு விதமாகக் கேட்டார். ஆள் அரவமற்ற வெட்டவெளி. அதில் ஒரு மனிதன். அவனைச் சுற்றி என்ன சத்தம் கேட்கும்? காற்றில் சுழன்று சுளீரென்று விழும் சாட்டை. இரும்பில் அடிபடும் சுத்தியல். தூரத்தில் ஒரு மணி. இவற்றையெல்லாம் தாளத்துக்குள் கோத்தார். பின்னால் ஆண்களின் கோரஸ், உத்தரவு போடுவது போலக் கத்தரித்துக் கத்தரித்து ஒலித்தது.

பதிவு முடிந்தது. இசைத்தட்டு வந்தது. மோரிகோனே அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இதற்கிடையே சினிமாவும் மெல்லக் கதவைத் திறந்திருந்தது. அதுவரை மற்ற இசையமைப்பாளர்களின் படங்களுக்குப் பெயர் வராமல் எழுதிக் கொடுத்தவருக்கு, 1961-ல் லூச்சியானோ சால்செ இயக்கிய ‘இல் ஃபெடராலே’ படத்தில் முதல்முறையாகத் திரையில் பெயர் வந்தது. 1963-ல் ‘துவெல்லோ நெல் டெக்சாஸ்’ என்ற கௌபாய் படம். அமெரிக்கக் குதிரை வீரர்களின் கதையை ஐரோப்பாவிலேயே எடுக்கும் பழக்கம் தொடங்கியிருந்தது. பார்க்கிறவர்கள் அதை அசல் அமெரிக்கப் படம் என்று நம்ப வேண்டும் என்பதற்காக, பெயர்ப் பட்டியலில் எல்லாருக்கும் ஆங்கிலப் பெயர் வைப்பார்கள். மோரிகோனேவுக்குக் கிடைத்த பெயர் டான் சாவியோ.

முகமூடி வசதியாகத்தான் இருந்தது. பெட்ராஸியின் கண்ணில் டான் சாவியோ பட்டால் என்ன, படாவிட்டால் என்ன?

* * *

வாசலில் வந்து நின்றவர்

1963-ன் கடைசி நாட்கள். ரோமின் மான்டெவெர்டே பகுதியில் இருந்த மோரிகோனேயின் வீட்டுக்கு ஒருவர் வந்தார்.

வந்தவர் பெயர் செர்ஜியோ லியோனே, இயக்குநர். மௌனப்பட காலத்தில் ராபர்ட்டோ ராபர்ட்டி என்ற பெயரில் படங்கள் எடுத்தவரின் மகன். வருடக்கணக்கில் உதவி இயக்குநராக உழைத்துவிட்டு, 1961-ல் ‘தி கொலாசஸ் ஆஃப் ரோட்ஸ்’ என்ற வாளும் கேடயமுமான படத்தை இயக்கியிருந்தார். இப்போது ஜாலி ஃபிலிம் என்ற கம்பெனிக்காக ஒரு கௌபாய் படம் எடுக்கப் போகிறார். இசைக்கு அவர் மனதில் இருந்தவர் பிரான்செஸ்கோ லாவாஞ்ஞினோ, அவருடைய முந்தைய படத்துக்கு இசையமைத்தவர். மோரிகோனேயைப் பார்க்கச் சொன்னது தயாரிப்பாளர்கள். அரைமனதோடு வந்த விருந்தாளி அவர்.

மோரிகோனே அவரை உற்றுப் பார்த்தார். கீழ் உதட்டின் ஓர் அசைவு. எங்கேயோ பார்த்த முகம்.

ட்ராஸ்டெவெரேயில் பள்ளிக்கூடத்தில் படித்த லியோனேவா நீங்கள் என்று கேட்டார். அப்படியானால் என்னோடு படித்த மோரிகோனே நீதானா என்று பதில் கேள்வி வந்தது.

பழைய புகைப்படம் ஒன்று வெளியே வந்தது. 1937-ல் எடுத்தது. மூன்றாம் வகுப்புப் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். அதில் சின்ன என்னியோவும் இருக்கிறான், சின்ன செர்ஜியோவும் இருக்கிறான். கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரே ஊரில் இருந்தும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வளர்ந்திருந்தார்கள்.

நட்பு புதுப்பிக்கப்பட்டாலும் வேலைப் பேச்சு இனிக்கவில்லை. ‘துவெல்லோ நெல் டெக்சாஸ்’ படத்தின் இசை டியோம்கினைப் பார்த்து மோசமாகக் காப்பியடித்தது போல இருக்கிறது என்று லியோனே நேரடியாகவே சொன்னாராம். மோரிகோனே கோபப்படவில்லை. தன்னிடம் அவர்கள் கேட்டது அதைத்தான் என்று ஒப்புக்கொண்டாராம். இது லியோனே பின்னாளில் சொன்ன கதை.

டிமித்ரி டியோம்கின் யார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இன்றைய உக்ரைனில் பிறந்து, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பியானோ படித்து, அமெரிக்காவுக்குக் குடியேறியவர். ‘ஹை நூன்’, ‘ரியோ பிராவோ’, ‘தி அலமோ’ போன்ற படங்களுக்கு இசை தந்தவர். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, விரிந்த புல்வெளி போன்ற வயலின்கள், நடுவே ஒரு கதைப்பாட்டு. கௌபாய் படம் என்றால் இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று உலகமே பழகியிருந்தது. லியோனேவுக்கு வேண்டியது வேறு. அது என்ன என்று சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை.

இருவரும் மான்டெவெர்டேயிலேயே ஒரு சின்னத் திரையரங்குக்குப் போய் அகிரா குரோசாவாவின் ‘யோஜிம்போ’வைப் பார்த்தார்கள். லியோனேயின் கதை அங்கிருந்து வந்ததுதான். இரண்டு கும்பல்கள் மோதிக்கொள்ளும் ஊருக்குள் ஊர் பேர் தெரியாத ஒருவன் வருகிறான், இரண்டு பக்கத்திலும் கூலி வாங்கி இரண்டையும் அழிக்கிறான். ஜப்பானிய வாள் இருந்த இடத்தில் லியோனே துப்பாக்கியை வைத்தார். இதற்காக ‘யோஜிம்போ’வை வெளியிட்ட டோஹோ நிறுவனம் பிறகு வழக்குத் தொடுத்ததும், ஜப்பான் தரப்புக்கு வருமானத்தில் பங்கு போனதும் தனிக்கதை.

* * *

பழைய இசைத்தட்டு

படம் ஸ்பெயினின் வறண்ட பகுதிகளில் 1964-ல் எடுக்கப்பட்டது. ‘ராஹைடு’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்த கிளின்ட் ஈஸ்ட்வுட் 15,000 டாலருக்கு வந்தார். ஜாலி ஃபிலிம் அதே நேரத்தில் இன்னொரு கௌபாய் படமும் எடுத்தது. மாரியோ கையானோ இயக்கிய ‘லெ பிஸ்டோலே நொன் டிஸ்கூடோனோ’. பணமும் நம்பிக்கையும் அதன்மேல்தான். இரண்டு படத்துக்கும் இசை மோரிகோனே. லியோனேயின் படம் சின்னப் படம்.

சின்னப் படத்துக்குப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது. டியோம்கினைப் போல எழுத ஆசைப்பட்டிருந்தாலும் முடியாது.

மோரிகோனே லியோனேவுக்குப் பழைய இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். பீட்டர் டெவிஸ் பாடிய அந்தக் கூலிகளின் பாட்டு.

சாட்டை விழுந்தது. சுத்தியல் அடித்தது. மணி ஒலித்தது. கோரஸ் கத்தரித்தது.

லியோனே கேட்டார். தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் தவித்த மனிதர், அது எதிரே வந்து நின்றதும் உடனே அடையாளம் கண்டுகொண்டார். பாடகரின் குரல் வேண்டாம், அதற்குக் கீழே இருக்கும் இசை அப்படியே வேண்டும் என்றார்.

நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. மெட்டு உட்டி கத்ரியின் பாட்டுக்குரியது, அது போய்விட்டது. குரல் டெவிஸுடையது, அதுவும் போய்விட்டது. மிச்சமிருந்தது அரேஞ்சர் எழுதியது மட்டும்தான். பாட்டு ஓடினால் பெயர் கிடைக்காத அந்தப் பகுதிதான் ஒரு படத்தின் முகப்பிசையாக எழுந்து நின்றது. மெட்டை எடுத்துவிட்டாலும் என் இசை தனியாக நிற்க வேண்டும் என்று அவர் நான்கு வருடமாகப் பிடித்த பிடிவாதம், ஒரே மதியத்தில் பலித்துவிட்டது.

இனி காலியாக இருக்கும் மேல்வரிசையில் எதை வைப்பது?

ஒரு சீழ்க்கையை வைத்தார்.

அலெஸ்ஸாண்ட்ரோ அலெஸ்ஸாண்ட்ரோனி கிட்டார் கலைஞர். ‘ஐ கான்டோரி மாடெர்னி’ என்ற கோரஸ் குழுவை நடத்தியவர். அந்தக் குழுதான் இந்தப் படத்துக்கும் பாடியது. அவருக்கு இன்னொரு திறமையும் உண்டு. சுருதி பிசகாமல் சீழ்க்கையடிப்பார். வாத்தியக்காரர்களுக்கு இணையாக, நோட்ஸ் பார்த்து. காசு செலவில்லாத வாத்தியம் அது. காட்டு வழியில் தனியே போகிற எவனும் தன் பயத்தைப் போக்க வாசிக்கிற வாத்தியமும் அதுதான்.

மெல்லிய கிட்டார் மீட்டல். அதன்மேல் அலெஸ்ஸாண்ட்ரோனியின் சீழ்க்கை. நடுவில் விருட்டென்று பாய்ந்து மறையும் புல்லாங்குழல். சாட்டை. மணி. பிறகு, எந்தக் குதிரை வீரனும் கேட்டிருக்க முடியாத எலெக்ட்ரிக் கிட்டார். 19-ம் நூற்றாண்டுப் பாலைவனத்தில் மின்சாரம் பாய்ந்தது போல அது நுழைந்தது. கடற்கரை ஜூக்பாக்ஸுக்கு எழுதிப் பழகிய கை அது. முதல் சில நொடியில் காதைப் பிடிக்க வேண்டும் என்ற பாடம் மறக்கவில்லை.

* * *

“அப்படியானால் நான் விலகிக்கொள்கிறேன்”

முகப்பிசையில் ஒத்துப்போன நண்பர்கள், கடைசிக் காட்சியில் மோதிக்கொண்டார்கள்.

நாயகனும் வில்லனும் நேருக்கு நேர் நிற்கும் இறுதிச் சண்டை. எடிட்டிங் மேஜையில் லியோனே அந்த இடத்தில் ஏற்கெனவே ஓர் இசையை ஒட்டி வைத்திருந்தார். 1959-ல் வந்த ‘ரியோ பிராவோ’ படத்துக்கு டியோம்கின் எழுதிய ‘டெகுவெயோ’. கழுத்தறுப்பு என்று அர்த்தம் தரும் ஸ்பானியச் சொல். எவரையும் உயிரோடு விடமாட்டோம் என்று எதிரிக்கு அறிவிக்கும் ட்ரம்பெட் இசை. அது காட்சிக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார் லியோனே.

அதை வைப்பதானால் இந்தப் படத்தில் தான் இல்லை என்றார் மோரிகோனே.

அவர் நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். வயது 35. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, அந்த ஆண்டிலேயே மூன்றாவதும் பிறந்தது. சினிமாவில் பெயரில்லை. எதிரே இருப்பவர் இயக்குநர், அதுவும் பள்ளித் தோழன். படமோ சின்னப் படம், யாரும் கவனிக்கப் போவதில்லை என்று எல்லாரும் நம்பிய படம். விட்டுக்கொடுத்திருக்கலாம். ஆனால் படத்தின் உச்சத்தில் அடுத்தவர் இசை ஒலித்தால், மீதி ஒன்றரை மணி நேரத்துக்குத் தன் இசை எதற்கு? இந்த இடத்தில் அவர் நகரவில்லை.

லியோனே இறங்கி வந்தார். சரி, நீயே எழுது, ஆனால் அதைப் போல இருக்க வேண்டும் என்றார்.

மோரிகோனே புதிதாக எதையும் எழுதவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய மெட்டை எடுத்தார். அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் கடல் நாடகங்களைத் தொலைக்காட்சிக்காக எடுத்தபோது அவர் எழுதியது. அதில் பீட்டர்ஸ் சிஸ்டர்ஸ் குழுவைச் சேர்ந்த கறுப்பினப் பாடகி ஒருவர் பாடியது.

அது ஒரு தாலாட்டு.

குழந்தையைத் தூங்க வைக்கும் மெட்டைத் துப்பாக்கிச் சண்டைக்கு வைக்க முடியுமா? அரேஞ்சரால் முடியும். ஸ்வரங்களை அவர் பெரிதாக மாற்றவில்லை. குரலை எடுத்துவிட்டு ட்ரம்பெட்டை வைத்தார். நீண்டு நிற்கும் ஒவ்வொரு ஸ்வரத்தின் முனையிலும் ஜிப்சிகள் பாடுவது போன்ற கமகங்களை, சுழித்து இறங்கும் சங்கதிகளைப் பூட்டினார். அடியில் கோரஸை நிறுத்தினார். தாலாட்டு மரண அறிவிப்பாக மாறியது. மெக்சிகோ எல்லையின் மண்ணும் வெயிலும் அதில் ஏறிக்கொண்டன. டெகுவெயோவின் சாயலைத் தந்தது மெட்டு கிடையாது, அதை வாசிக்கச் சொன்ன விதம்தான் என்று மோரிகோனே பிற்காலத்தில் விளக்கினார்.

தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே தொண்டையிலிருந்து வருபவை என்பது நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். இழுக்கிற இழுப்பில்தான் இருக்கிறது எல்லாம்.

இந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்பதை மோரிகோனே லியோனேயிடம் அப்போது சொல்லவில்லை. வெகுநாள் கழித்துத்தான் சொன்னார்.

* * *

அழுதுகொண்டே வாசித்தவர்

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. ட்ரம்பெட்டை யார் வாசிப்பது?

லியோனேவுக்கு வேண்டியவர் நினி ரோஸ்ஸோ, நாடறிந்த பெயர். மோரிகோனே தேர்ந்தெடுத்தது மிக்கேலே லாசெரென்ஸாவை. ட்ரம்பெட் விஷயத்தில் மோரிகோனேயை ஏமாற்ற முடியாது. அப்பாவின் வாத்தியம், அவருடைய வாத்தியம், போர்க்கால இரவுகளில் உதடு வீங்கும்வரை ஊதிய வாத்தியம். அந்தச் சங்கதிகளை யாருடைய மூச்சு தாங்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இயக்குநருக்குத் தான் வேண்டாதவன் என்பது லாசெரென்ஸாவின் காதுக்கும் எட்டியிருந்தது. பதிவுக்கூடத்தில் கருவியை எடுத்து வைத்தபோது அந்த வருத்தம் அவர் நெஞ்சில் இருந்தது. வாசிக்கும்போது கண்ணில் நீர் வழிந்தது என்று மோரிகோனே பிறகு நினைவுகூர்ந்தார்.

அந்தப் பதிவை இன்று கேட்டாலும் அது புரியும். முதல் ஸ்வரம் நேராக எழுகிறது, கம்பம் போல. நிற்கும் இடத்தில் நடுங்குகிறது. கீழே இறங்கும்போது சங்கதி உடைந்து, மறுபடி சேர்ந்து, பிடித்துக்கொள்கிறது. கொல்ல வந்தவனின் இசையில் ஏன் இவ்வளவு துக்கம் என்று கேட்பவருக்குத் தோன்றும். லியோனே அதற்குப் பிறகு வேறு பெயர் எதையும் சொல்லவில்லை.

* * *

ஒரு பெயர்ப் பட்டியல்

‘பெர் ஊன் புன்யோ தி டொல்லாரி’, அதாவது ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’, 1964-ல் ஃப்ளாரன்ஸ் நகரில் முதலில் திரையிடப்பட்டது. பெரிய விளம்பரம் இல்லை. இயக்கம்: பாப் ராபர்ட்சன். ராபர்ட்டோவின் மகன் என்று அர்த்தம் வரும்படி லியோனே அப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டுக்கொண்டார். வில்லனாக நடித்த ஜியான் மரியா வொலோன்டே, ஜான் வெல்ஸ் ஆனார். இசை: டான் சாவியோ.

இஜினியோ லார்தானி வடிவமைத்த முகப்பில் சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் குதிரைகள் ஓடின. மனிதர்கள் சுடப்பட்டு விழுந்தார்கள். அவற்றின்மேல் அந்தச் சீழ்க்கை ஒலித்தது. பார்த்தவர்கள் வெளியே வந்து மற்றவர்களிடம் சொன்னார்கள். வாய்வழியாகவே படம் பரவியது. தயாரிப்பாளர்கள் நம்பிய பெரிய படத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இது இத்தாலி முழுக்க ஓடியது.

1965-ல் இத்தாலியத் திரைப் பத்திரிகையாளர்கள் வழங்கும் வெள்ளி ரிப்பன் விருது, சிறந்த இசைக்காக மோரிகோனேயிடம் வந்தது. முகமூடிக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது.

அவருக்கு மகிழ்ச்சியா? படம் வந்து ஒரு வருடம் கழிந்தும் ரோமில் ஓடிக்கொண்டிருந்தபோது, இரண்டு நண்பர்களும் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள். வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படம் மோசம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. லியோனே எடுத்ததில் மட்டமான படமும் தான் எழுதியதில் மட்டமான இசையும் அதுதான் என்று மோரிகோனே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தீர்ப்பை ஏற்க வேண்டியதில்லை. ஒரு தாலாட்டை மரண இசையாக்கிய கைக்கு அது நியாயம் செய்யவில்லை.

ஆனால் அந்த அதிருப்தியில் ஒரு திட்டம் இருந்தது. அடுத்த படத்தைச் சரியாகச் செய்ய வேண்டும். லியோனே ஜாலி ஃபிலிமை விட்டு வெளியேறி, ஆல்பெர்டோ கிரிமால்டி என்ற தயாரிப்பாளரிடம் போனார். ‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’ உருவானது. அதில் ஒரு சட்டைப்பைக் கடிகாரம் வருகிறது. மூடியைத் திறந்தால் மெல்லிய மணி இசை. அது முடியும்போது ஒருவன் சாக வேண்டும்.

1965 டிசம்பரில் அந்தப் படம் திரைக்கு வந்தபோது, பெயர்ப் பட்டியலில் டான் சாவியோ இல்லை. இசை: என்னியோ மோரிகோனே என்று முழுப் பெயரும் இருந்தது. கான்செர்ட்டோவைச் சமர்ப்பணம் செய்த மாணவர், கௌபாய் படத்துக்குத் தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

குரு கொஃப்ரெடோ பெட்ராஸி அதே ரோம் நகரத்தில்தான் இருந்தார். அந்தப் படத்தின் இசை அவர் காதுக்கும் போனது. மாணவரை நேரில் பார்த்தபோது அதைப் பற்றி வாய் திறந்து பேசவும் செய்தார். சினிமா இசையை மதிக்காத வட்டாரத்தின் தலைமகன், மோரிகோனே அதிகம் பயந்த அந்த ஒரே மனிதர், என்ன சொன்னார்?

(தொடரும்)